கன்று இல்லாத வீடுகளுக்கு முன்னுரிமை

இந்த மழைக்கு ஊருக்கெல்லாம் இலவசமா செடி குடுக்கப்போறோம், ஒரு அறிவிப்பு எழுதிக் குடுங்க மேஸ்திரின்னு பண்ணையில என்கிட்ட வேலை கத்துக்கிட்ட நீங்களே வந்து நின்னீங்களே, உங்க தைரியத்தைப் பாராட்டணும். உத்திரமேரூர்ல எழுதத் தெரிஞ்சவங்க எத்தனையோ பேர் இருக்க, இந்த வேலைக்கு என்னைப் புடிச்சீங்க பாருங்க! அறிவிப்பு எழுதித் தரமாட்டேன். ஏன் எழுத மாட்டேன்னு எழுதித் தர்றேன், உக்காந்து படிங்க.

விதையை எப்படி ஊறவைக்கறது, பதியம் எப்படிப் போடறதுன்னு நான் இதுல சொல்லப்போறதில்ல. ரெண்டு மழை பாத்தா அதெல்லாம் தானா கைக்கு வந்துடும். முப்பது வருஷத்துல செடியால எனக்கு வந்த தலைவலி கம்மி. ஒரே ஒரு தடவை பேனா எடுத்தேன், அதுல வந்ததுதான் பெரிய தலைவலி.

அறுபதுகளோட ஆரம்பம் அது. ஏரிக்கரையோரம் இருந்த பண்ணையில நான் மேஸ்திரி. எந்த ஆபீசோட பண்ணை, யார் அந்த ஆபீசர்னு கேக்காதீங்க. தப்பு பண்ணது நான், அவங்க பேரை எதுக்கு இழுக்கணும்? பிளாஸ்டிக் பையெல்லாம் வராத காலம், பனையோலைக் கொட்டான்லதான் செடி வளர்ப்போம். புரட்டாசி கடைசியில, மழை புடிக்கறதுக்கு முன்னால, சுத்துப்பட்டு ஜனங்களுக்கு அதையெல்லாம் சும்மா குடுத்துடுவோம். புளி, வேம்பு, முருங்கை, கொய்யா, அப்புறம் கொஞ்சம் தென்னை.

ஜனங்களுக்குக் குடுத்தோம்னு பெருமையா சொல்லிக்கறோம். நடந்தது வேற. சாலவாக்கம் பக்கத்துல ஒரு பெரிய நிலக்காரர் இருந்தார். பெரிய வூட்டு ஐயான்னு சொல்லுவாங்க. வருஷம் தவறாம ரெண்டு மாட்டு வண்டி கட்டிக்கிட்டு வருவார். ஆபீசர் அவருக்கு மாலை போடுவார், அவர் ஆபீசருக்கு மாலை போடுவார். மாலை போட்ட கையோட ஐம்பது தென்னம்பிள்ளையை வண்டியில ஏத்திக்கிட்டுப் போயிடுவார். மிச்சம் மீதி முருங்கைக் குச்சியை ஜனங்க பொறுக்கிக்குவாங்க. இதுக்குப் பேர்தான் பொதுமக்களுக்கு வழங்குதல்.

அந்த வருஷம் புதுசா வந்த ஆபீசர் கொஞ்சம் நியாயஸ்தர். இந்தத் தடவை இல்லாத வீட்டுக்குத்தான் முதல்ல குடுக்கணும், ஊர் ஊரா தண்டோரா போடுங்கன்னு சொல்லி, ஒரு துண்டுக் காகிதத்துல அவரே கிறுக்கிக் குடுத்தார். "செடி இலவசமா தர்றோம். வீட்டுக்கு ஒண்ணு. செடி இல்லாத வீட்டுக்கு மொதல்ல. ஆடு மாடு மேயாம பாத்துக்கணும்." இவ்வளவுதான்.

அதைப் பாத்ததும் எனக்கு உடம்பே கூசிப்போச்சு. நான் எட்டாவது படிச்சவன். என் கட்டுரையைத் தமிழ் வாத்தியார் கிளாஸ்ல உரக்கப் படிச்சுக் காட்டுவார்னு, கல்யாணம் ஆகி ரெண்டு புள்ளை பொறந்த பிறகும் பாக்கறவங்ககிட்டல்லாம் சொல்லிக்கிட்டுத் திரிஞ்சவன். மரத்தைப் போய் செடின்னு எழுதறதா? நாம என்ன கீரையா விக்கறோம்? திருத்தி எழுதறேன் சார்னு வாங்கிக்கிட்டுப் போனேன். நான் திருத்தின லட்சணத்தைப் பாருங்க:

"நல்ல ரகக் கன்றுகள் இலவசமாக வழங்கப்படும். வீட்டுக்கு ஒன்று. கன்று இல்லாத வீடுகளுக்கு முன்னுரிமை. அன்போடு தண்ணீர் காட்டி வளர்ப்போர் நீடித்த பயன் பெறுவர்."

மரக்கன்றுன்னுதான் முதல்ல எழுதினேன். "நல்ல ரக மரக்கன்று"ன்னு வாய்விட்டுப் படிச்சப்போ நாக்கு இடறுச்சு, மரத்தைத் தூக்கிட்டேன். ஆடு மாடுன்ற வரியையும் அடிச்சேன். ஆபீசர் கையெழுத்துக்கு மேல ஆடும் மாடும் நிக்கறது மரியாதையா படல. ஊத்தறதுன்ற வார்த்தை கொச்சையா இருந்துச்சு, காட்டின்னு போட்டேன். செடிக்குத் தண்ணி ஊத்துவோம், மாட்டுக்குத்தான் தண்ணி காட்டுவோம்ன்றது ஆறு வயசுப் புள்ளைக்கும் தெரியும். எனக்குத் தெரியல, ஏன்னா நான் அப்போ தமிழ் எழுதிக்கிட்டிருந்தேன்.

ஆபீசர் அதைப் படிச்சுக்கூடப் பாக்காம கையெழுத்துப் போட்டார். "பிரமாதமான தமிழ்"னு வேற சொன்னார்.

தண்டோரா போட்டவர் ஏகாம்பரம். அவருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. ஒரு தடவை படிச்சுக் காட்டினா போதும், பத்து ஊர்ல ஒரு எழுத்து பிசகாம சொல்லிட்டு வருவார். சாலவாக்கத்துல ஆரம்பிச்சு பெருநகர் வரைக்கும் என் தமிழை முழங்கிட்டு வந்தார்.

செடி குடுக்கற விழா அன்னிக்குக் காலையில கதவைத் திறக்கறேன், வெளியில நூறு பேர் இருப்பாங்க. எந்த வருஷமும் அப்படி ஒரு கூட்டம் வந்ததில்ல. முக்கால்வாசிப் பேர் கூலி வேலை செய்யற ஜனங்க. எல்லார் கையிலயும் கயிறு. எனக்கு மனசு நெறஞ்சு போச்சு. கொட்டானைக் கட்டித் தூக்கிட்டுப் போக வீட்லேர்ந்தே கயிறு கொண்டாந்திருக்காங்களே, என்ன ஒரு பொறுப்புன்னு நெனச்சேன். நெனச்சதோட விட்டேனா? மேடையில நின்னு, "உங்களை மாதிரி ஜனங்க இருந்தா நாடு முன்னேறும்"னு வாயாலயும் சொல்லித் தொலைச்சேன்.

முன்வரிசையில ஒருத்தர் பச்சைப் புல்லுக்கட்டு வெச்சிருந்தார். இன்னொருத்தர் மஞ்சள் தடவின சின்ன மணி வெச்சிருந்தார். மணியைப் பாத்ததும்தான் எனக்கு லேசா சந்தேகம் தட்டுச்சு.

"மேஸ்திரி, கொட்டாய் எங்க கீது? கன்னு சத்தமே காணோமே?"ன்னார் மணிக்காரர்.

"என்ன கன்னு?"

"இன்னா இப்டி கேக்கற? தண்டோரா போட்டீங்களே, கன்னு இல்லாத வூட்டுக்கு கன்னு தர்றோம்னு! எனக்குக் காளைக்கன்னு வேணாம்பா, கெடாரியா பாத்துக் குடு."

ஐயோ, அந்த நிமிஷம் என்னை என்ன பண்ணா தகும்! பாக்கெட்டுல இருந்த காகிதத்தை எடுத்துப் படிச்சேன். எழுதினவனே படிச்சாலும் அதுல மாடுதான் நிக்குது, மரத்தைக் காணோம். நல்லவேளை, தென்னம்பிள்ளைன்னு எழுதல. எழுதியிருந்தா புள்ளையில்லாதவங்கெல்லாம் வந்து நின்னிருப்பாங்க.

உங்களுக்கு அறிவுரை சொல்ற எடத்துல இருக்கறதால முதல்ல என் யோக்கியதையைச் சொல்லிடறேன். கூட்டத்தைப் பாத்து நான் முதல்ல சொன்னது என்ன தெரியுமா? "தண்டோரா போட்டவர் தப்பா சொல்லிட்டாரு." கொஞ்சமும் வெக்கமில்லாம சொன்னேன். ஏகாம்பரம் கூட்டத்துலயே நின்னுக்கிட்டிருந்தார். ஒரு வார்த்தை சண்டை போடல. தொண்டையைக் கனைச்சார், "நல்ல ரகக் கன்றுகள் இலவசமாக வழங்கப்படும்"னு ஆரம்பிச்சு, நீடித்த பயன் பெறுவர் வரைக்கும் ஒப்பிச்சார். ஒப்பிச்சுட்டு, "இதுல எது மேஸ்திரி நான் சேத்தது?"ன்னார். என் கையில இருக்கற காகிதமும் அதையேதான் சொல்லுது.

அப்புறம் வேற வழி? எழுதினது நான்தான், மரத்தைத்தான் அப்படி எழுதினேன், மன்னிச்சுக்குங்கன்னு கையெடுத்துக் கும்பிட்டேன். கொஞ்சம் பேர் திட்டினாங்க. "நாலு மைல் நடந்து வந்தோம், பேஜாரா பூட்ச்சே"ன்னாங்க. ஆனா நம்ம ஜனங்க சிரிக்கத் தெரிஞ்சவங்க. புல்லுக்கட்டுக்காரர், "இந்தப் புல்ல உன் புளியங்கன்னுக்குப் போடு, பால் கறக்கும்"னு என் காலடியில போட்டார், எல்லாரும் விழுந்து விழுந்து சிரிச்சாங்க. பொழைச்சேண்டா சாமின்னு மூச்சு விட்டேன்.

ஒரு பொம்பளை மட்டும் சிரிக்கல. வேலிப்பக்கமா தரையில உக்காந்துட்டிருந்துச்சு. பேர் பச்சையம்மா, சாலவாக்கத்துப் பக்கம். நடவு வேலைக்குப் போற பொம்பளை, புருஷன் இல்லை. பக்கத்துல போய், "ஏம்மா, கோவமா?"ன்னேன்.

"கோவம் இன்னா மேஸ்திரி. என் மாடு பூட்ச்சு"ன்னுச்சு.

விஷயம் இதுதான். பெரிய வூட்டு ஐயாவோட பசுவை அது வாரத்துக்கு வளர்த்துக்கிட்டிருந்துச்சு. உங்களுக்கு வாரம்னா தெரியாது. மாடு அவருது, வளர்க்கற பாடு இதோடது. முதல் ஈத்துக் கன்னு அவருக்கு, ரெண்டாவது ஈத்துக் கன்னு இதுக்கு. அவரோட பசுவெல்லாம் இப்படி ஊருக்குள்ளதான் வளருது, அவர் தொழுவத்துல வண்டிமாடு மட்டும்தான். ரெண்டு வருஷமா நடவுக்குப் போயிட்டு வந்து, வரப்பு வரப்பா புல் அறுத்துப் போட்டு வளர்த்திருக்கு. முதல் கன்னு, வெள்ளைக் கன்னு, கூடவே நிக்குது. பசு மறுபடி சினை. அடுத்தது பச்சையம்மாவோடது. சொந்தம்னு சொல்லிக்க அது ஒண்ணுதான் வரணும்.

இந்த நேரத்துல என் தமிழ் போய்ச் சேந்துது. கன்று இல்லாத வீடுகளுக்கு முன்னுரிமை. பக்கத்து குடிசைக்காரங்க, "உன் வூட்ல வெள்ளைக் கன்னு கட்டிகினு கீதே, உனக்கு எப்டி குடுப்பாங்க?"ன்னு கேட்டிருக்காங்க. பச்சையம்மா யோசிச்சிருக்கு. முந்தின நாள் சாயங்காலம் பசுவையும் கன்னையும் ஓட்டிக்கிட்டுப் பெரிய வூட்டுக்குப் போய், "ரெண்டு நாளைக்கு இங்க கட்டி வைங்க ஐயா, வந்து புடிச்சிக்கறேன்"னு சொல்லியிருக்கு. அவரும் எதுக்குன்னு கேட்டிருக்கார். இதுவும் கன்னு விஷயத்தைச் சொல்லியிருக்கு.

"அவரு இன்னா சொன்னாரு?"

"சிரிச்சாரு மேஸ்திரி. கயித்த என் கையில குடுன்னாரு. குடுத்தேன். இன்னிக்குக் காத்தால வழியில அவரு ஆளு சொல்றான், கயிறு கை மாறினா வாரம் தீந்துதாம். சரி, தீந்தா தீந்து போவுது, அரசாங்கத்துக் கன்னு வரப்போவுதேன்னு நடந்து வந்தேன்."

கவனிங்க. அந்த மனுஷன் வருஷா வருஷம் நம்மகிட்ட தென்னம்பிள்ளை வாங்கறவர். அறிவிப்புல இருக்கற கன்று எந்தக் கன்றுன்னு அந்தத் தாலுக்காவுலயே நல்லாத் தெரிஞ்ச ஆள் அவர்தான். தெரிஞ்சும், சிரிச்சுக்கிட்டே கயித்தை வாங்கியிருக்கார். எனக்கு வந்த ஆத்திரம் இப்ப எழுதும்போதும் வருது. ஆனா அவர் வலையைப் போட்டார்னா, அதைப் பின்னிக் குடுத்தவன் நான்.

பத்து மணிக்கு ஆபீசர் ஜீப் வந்துச்சு. பின்னாலயே பெரிய வூட்டு ஐயா, ரெண்டு காலி வண்டியோட. ஆபீசரைத் தனியா ஓரங்கட்டி நடந்ததைச் சொன்னேன். வாரம், பசு, பச்சையம்மா எல்லாம் சொன்னேன். அவர் முகம் வெளுத்துப் போச்சு.

"யார் எழுதினது?"

"நான்தான் சார்."

"கையெழுத்து?"

"உங்களுது சார்."

"அப்போ அதுல தப்பு இல்ல. போட்டபடி நடத்துங்க"ன்னு சொல்லிட்டு மேடைக்குப் போயிட்டார்.

எனக்கு முன்னால ரெண்டு வழி இருந்துச்சு. விழா முடிஞ்சதும் பெரிய வூட்டுக்குப் போய் கால்ல விழுந்து கேக்கலாம். விழுந்திருப்பேன், அவர் மோர் குடுத்து அனுப்பியிருப்பார், மாடு அங்கயேதான் இருந்திருக்கும். ரெண்டாவது, ஆபீசர் சொன்ன அந்த "போட்டபடி"யைக் கெட்டியாப் புடிச்சுக்கறது. வேலை போனாலும் போகட்டும்னு அதைப் புடிச்சுக்கிட்டேன். துணிச்சல்னு நெனச்சுக்காதீங்க. வேலியோரம் உக்காந்திருக்கற அந்தப் பொம்பளையைப் பாத்துட்டு சும்மா நிக்க முடியல, அவ்வளவுதான்.

மாலை மரியாதையெல்லாம் முடிஞ்சுது. வண்டிக்காரன் தென்னம்பிள்ளையைத் தூக்கக் குனிஞ்சான். நான் காகிதத்தை நீட்டிப் புடிச்சுக்கிட்டு குறுக்க போய் நின்னேன்.

"ஐயா, ஒரு சின்ன விசாரணைங்க. உங்க வூட்டுல கன்று எதுவும் கட்டியிருக்குதுங்களா?"

"இன்னா மேஸ்திரி, புதுசா கேக்கற?"

"அறிவிப்புல போட்டிருக்குங்க. கன்று இல்லாத வீட்டுக்குத்தான் மொதல்ல."

கூட்டத்துலேர்ந்து மணிக்காரர், "நேத்து சாய்ங்காலம்தான ஒண்ணு வந்துச்சு, வெள்ளைக் கன்னு! நான் பாத்தேனே!"ன்னார். எல்லாரும் கொல்லுனு சிரிச்சாங்க.

அவர் லேசுப்பட்ட ஆளில்ல. கொஞ்சம்கூட அசராம, "தென்னைய எவன்டா கன்னுன்னு சொல்லுவான்? அது பிள்ளை. நான் வாங்க வந்தது பிள்ளை. கன்னப் பத்தின சட்டம் எனக்கு இன்னாத்துக்கு?"ன்னார்.

நியாயமான கேள்வி! சுத்தமான தமிழ்! மறுபடி அந்தப் பாழாப்போன காகிதத்தையே பாத்தேன். பாத்தா, பதில் அதுலயே இருக்கு.

"அப்படின்னா உங்களுக்கு ஒண்ணுமே குடுக்க வழியில்லைங்க ஐயா. பிள்ளை தர்றதா இதுல எங்கயும் இல்லை. கன்று தர்றதாத்தான் போட்டிருக்கு. சார், எப்படிச் செய்யலாம்?"

ஆபீசருக்கு வேற என்ன வழி? கையெழுத்து அவருது. "போட்டபடி"ன்னார் மெதுவா.

பெரிய வூட்டு ஐயா தன்னோட ரெண்டு வண்டியையும் பாத்தார், அடுக்கி வெச்ச ஐம்பது தென்னையையும் பாத்தார். அப்புறம், ரொம்பப் பெருந்தன்மையா, எல்லாருக்கும் கேக்கற மாதிரி சொன்னார்: "அட, அந்தக் கன்னு என் வூட்டுதா? பச்சையம்மா வாரத்துக்கு வளக்கற மாடுப்பா அது. ரெண்டு நாளைக்கு கட்டி வைங்கன்னு சொல்லிச்சு, கட்டி வெச்சிகினு கீறேன்."

"அப்போ வாரம் தீரலீங்களா?"

"எவன் சொன்னான் தீந்துச்சுன்னு?"

"அடுத்த ஈத்து?"

"அதுக்குத்தான். அதான பேச்சு!"

"சார் கேட்டுக்கிட்டாருங்க. ஏகாம்பரம், நீயும் கேட்டுக்கிட்டியா?"

ஏகாம்பரம் அங்கயே, அப்பவே, ஒரு எழுத்து பிசகாம ஒப்பிச்சுக் காட்டினார். ஐயா குரல்லயே. பச்சையம்மா எழுந்து நின்னுச்சு.

"சந்தோஷங்க ஐயா. உங்க வூட்டுல கன்று இல்லைன்னு தெரிஞ்சு போச்சு. இப்போ தாராளமா வாங்கிக்கலாம். வீட்டுக்கு ஒன்று"ன்னேன்.

ரெண்டு வண்டி, நாலு மாடு, ஒத்தைத் தென்னம்பிள்ளை. அப்படியே திரும்பிப் போனார். என்னமோ சாதிச்சுட்டேன்னு நீங்க கைதட்டிடாதீங்க. அடுத்த மாசமே, தண்டோராவும் இல்லாம மாலையும் இல்லாம, வேற வழியில நூறு தென்னை அவர் தோப்புக்குப் போச்சு. அவங்களுக்கு வழி எப்பவும் இருக்கு. ஆனா ஊர் பாக்கச் சொன்ன சொல்லை அவரால விழுங்க முடியல. அன்னிக்கு சாயங்காலமே பசுவும் கன்னும் பச்சையம்மா குடிசைக்குத் திரும்பிடுச்சு.

அதுக்கு முன்னால, மத்தியானம் நடந்ததைச் சொல்றேன். செடி வாங்க வர்றவங்ககிட்ட பேரைக் கேக்கறதுக்கு முன்னால, எங்க நடுவீங்கன்னு கேளுங்கன்னு உங்களை வருஷக்கணக்கா நச்சரிச்சேனே, அது இதுலதான் ஆரம்பிச்சுது.

கூட்டம் கலைஞ்சுடுச்சு. பச்சையம்மாவும் கெளம்புச்சு, சாட்சிக்கு ஏகாம்பரம் கூடவே போறதா ஏற்பாடு. எனக்குத் தலைகால் புரியல, அவ்வளவு பெருமை. இருக்கறதுலயே நல்ல தென்னம்பிள்ளையாப் பொறுக்கி எடுத்து, அது கையில வெச்சு, "இந்தா பச்சையம்மா, இதையும் புடி. வாசல்ல நட்டு வை. புள்ளைக்குட்டி காலத்துக்கும் காய்க்கும்"னேன்.

அது அந்தக் கொட்டானைத் திருப்பித் திருப்பிப் பாத்துச்சு. குழந்தையை வெச்சிருக்கற மாதிரி இடுப்புல வெச்சுப் பாத்துச்சு.

"எந்த வாசல் மேஸ்திரி?"

"உன் வூட்டு வாசல்தான்."

"வூடுதான் என்னுது. மண்ணு அவுருது. போன தபா முருங்க வெச்சேன், காய் புடிச்சதும் அவரு ஆளுங்க வந்து ஒடிச்சிகினு பூட்டாங்க. எழுந்து போடின்னு ஒரு நாளு சொன்னாருன்னா, கன்னுக்குட்டிய அவுத்து ஓட்டிகினு போவேன். இத எப்டி அவுத்துகினு போறது?"

கன்னுன்னதும் மாடுன்னு நெனச்சுட்டாங்களேன்னு காலையிலேர்ந்து ஊரே சிரிச்சோமே, அந்த நூறு பேர்ல எத்தனை பேருக்கு ஒரு குழி தோண்டற அளவுக்கு மண்ணு சொந்தம்னு நான் யோசிக்கவே இல்லை. அவங்களுக்குன்னு ஒண்ணு குடுத்தா அது மாடாத்தான் இருக்க முடியும்னு அவங்க நெனச்சதுல என்ன தப்பு? தமிழ் தெரியாதவன் நான்தான்.

பச்சையம்மா கொட்டானைப் பதமா கீழ எறக்கி வெச்சுச்சு. ஓலை கிழியாம, ஒரு பக்கமா சாயாம, மண்ணை அணைச்சு வெச்சுச்சு. அதுல கோவமோ குத்தலோ எதுவும் இல்லை. மறந்துபோனதை ஞாபகப்படுத்தற மாதிரிதான் சொல்லுச்சு:

"இதயும் அவரு வண்டியிலயே ஏத்தி அனுப்பியிருக்கலாமே மேஸ்திரி. நட எடம் அவுருகிட்டதான கீது."